மற்ற ஆறு சொல்

கீழ்ப்பிரிவு லயம்,
லிந்துலை.
3.3.2025

கேதீஸ்வரி டீச்சருக்கு,

சரோஜாதேவி எழுதுகிறேன். உன் புருஷன் வினோஜனுடைய அக்கா. நீ என் நம்பரை பிளாக் பண்ணி ஐம்பது நாளாகிறது, அதனால் யாரென்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. போனில் பேச மாட்டேன் என்பவள் கடிதத்தையாவது பிரிப்பாள் என்று நினைத்து, தபால் கந்தோரில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பேனாவை வைத்தவள் நான். பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காமல் படி.

சண்டை பிடிக்க எழுதவில்லை. என் காசைக் கேட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது வயது முடிந்ததும், முப்பத்தோரு வருசம் கொழுந்து பறித்ததற்கு வந்த சேமலாப நிதிக் காசு முழுவதையும் வினோஜன் கையில் கொடுத்தேன். அது உனக்கும் தெரியும். ஹட்டனில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தவன், பாங்கில் போட்டால் விலைவாசி தின்றுவிடும் என்று சொல்லி அதை பிட்கொயினாக மாற்றினான். அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. "அக்கா, இத கையில பிடிக்க ஏலாது. ஆனா உன்கிட்ட இருந்து யாரும் புடுங்கவும் ஏலாது" என்றான். போனுக்குள் வாலட் என்று ஒன்று இருக்கிறதாம். போன் தொலைந்தாலும் பன்னிரண்டு இங்கிலீஷ் சொல் தெரிந்தால் வேறு எந்தப் போனிலும் அதைத் திறந்துவிடலாமாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவன் போய்விட்டான். தலவாக்கலை வளைவில் பைக் சறுக்கி நீர்த்தேக்கத்தில் விழுந்தபோது போனும் அவனோடு விழுந்தது. அவனை எடுத்தார்கள், போனை எடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு சொல்லும் பெண்டாட்டியிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? அனுப்பிவை.

ஏன் இப்போது அவசரம் என்று கேட்பாய். நாங்கள் குடியிருக்கிற காம்பராவின் பின்சுவரில் இருந்த வெடிப்பு இப்போது என் கை நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து அளந்துவிட்டு, எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கிற பதினொரு குடும்பமும் மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று கடுதாசி கொடுத்தார்கள். எங்கே போவது என்று அதில் எழுதியில்லை. டவுனுக்குப் பக்கத்தில் சரிவில்லாத நிலம் பத்து பேர்ச் பார்த்து வைத்திருக்கிறேன். காணிக்காரர் ஆனி முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மழை அடித்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். நானும் ஓடலாம். என் வீட்டுக்காரர், நீ அண்ணன் என்று கூப்பிடுகிற கணேசமூர்த்தி, எப்படி ஓடுவார்? பாரிசவாதம் வந்து மூன்று வருசமாகப் படுக்கை. போன வருசம் மூன்று பேர் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று பேரில் வினோஜன் ஒருவன்.

லோஜினிக்கு என் முத்தம். அத்தை கேட்டதாகச் சொல்.

சரோஜாதேவி


கொடிகாமம்.
19.3.2025

மச்சாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் மகளும் சுகம். இங்கே அம்மாவின் வீட்டில் இருக்கிறோம். அண்ணாவின் குடும்பமும் இங்கேதான். எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

நம்பரை நிறுத்தியதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். அவரை அடக்கம் செய்து பால் ஊற்றிய மூன்றாம் நாள், ஓடைக்கரையில், தோட்டத்துச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய இடுப்பில் கிடந்த தாயத்தைப் பிள்ளைக்கு ஞாபகமாகத் தாருங்கள் என்று கேட்டேன். தர விருப்பமில்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "எங்க புள்ளைய முழுங்குனது பத்தலையா, அவன் ஒடம்புல கெடந்ததும் வேணுமா" என்று கேட்டீர்கள். என் இடமாற்றக் கடிதத்தைக் கொடுக்கப் போன வழியில்தான் அவர் விழுந்தார் என்பது எனக்கு மறக்கவில்லை. அதை நீங்கள் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

இனிக் காசு விஷயம். அது முழுவதும் உங்களுடையது. அதில் ஒரு சதமும் எனக்கு வேண்டாம். ஆனால் பன்னிரண்டு சொல்லும் என்னிடம் இல்லை.

இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் புத்தி சொல்கிற தமிழ்க் குழு ஒன்று போனில் இருக்கிறது. அவர் அதில் விடாமல் வாசிப்பார், எனக்கும் வாசித்துக் காட்டுவார். சொற்களைப் படம் எடுத்து வைக்காதே, மெயிலில் வைக்காதே, கடதாசியில் எழுது, நெருப்பும் தண்ணீரும் தின்னாத உலோகத்துக்குள் வை, யார் கேட்டாலும் சொல்லாதே. எல்லாவற்றையும் அப்படியே செய்தார். பாதியாகப் பிரித்து வைக்காதே என்றும் அதில் இருந்தது. அதை மட்டும் கேட்கவில்லை. ஆறு சொல் ஓரிடம், மற்ற ஆறு வேறிடம் என்று வைத்தார். ஏன் என்று கேட்டேன். "நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் மூஞ்ச பாத்துக்கிட மாட்டீங்க. இதுக்காவது பேசுவீங்கல்ல" என்று சிரித்தார்.

பிந்திய ஆறு என் பொறுப்பில் இருக்கிறது. முந்திய ஆறைப் பற்றி உங்களிடம் சொல்லியாயிற்று என்று, போன தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிய அன்றே என்னிடம் சொன்னார். ஆகவே உங்கள் பாதியை முதலில் அனுப்புங்கள். ஓடைக்கரையில் சொன்னதற்கு ஒரு வார்த்தையும் அதோடு வரட்டும். வந்த அன்றே என் பாதியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கணேசமூர்த்தி அண்ணனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கேதீஸ்வரி


கீழ்ப்பிரிவு லயம்,
லிந்துலை.
8.4.2025

கேதீஸ்வரிக்கு,

உன் கடிதம் எனக்கு நேற்றுத்தான் வந்தது. லயத்துக்கு வீட்டு நம்பரா இருக்கிறது? மேல்பிரிவில் இருக்கிற இன்னொரு சரோஜாதேவிக்குப் போய், அவள் பிரித்துப் படித்து, இது நம் வீட்டுச் சண்டை இல்லையே என்று யோசித்துக் கொண்டுவந்து தந்தாள். ஆறு சொல்லை நீ அதில் எழுதாததற்கு உன்னை மெச்சத்தான் வேண்டும். இனி என் பெயருக்குப் பக்கத்தில் கணேசமூர்த்தி வீடு என்றும் எழுது.

என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லும் இல்லை, கடுதாசியும் இல்லை. தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவன் படித்த காலத்து ரிப்போட் அட்டை, அம்மாவின் போட்டோ, கடை பில் புத்தகம், செத்துப்போன சிம் கார்டு ஒரு கை நிறைய இருந்தது. பில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். சாமிப் படத்தின் பின் அட்டையைக்கூடப் பிரித்தேன். மாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவன் எனக்கு ஒன்றும் தரவில்லை.

என்னை நம்பாமல் பேரம் பேசுகிறாய். நல்லது. உன் பாதியை வைத்துக்கொண்டு, என் பாதி எங்கே என்று கேட்டால் நான் எங்கே போவேன்? உன்னிடமே பன்னிரண்டும் இருக்கிறது, என்னை அலைய விடுகிறாய் என்று சில நேரம் தோன்றுகிறது. தோன்றுவதைச் சொல்லிவிட்டேன்.

ஓடைக்கரைப் பேச்சு வாய் தவறி வந்ததில்லை, வயிறு எரிந்து வந்தது. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. கொழுந்துக் கூடையைக் கொண்டுபோய் நிறுத்துவிட்டு ஓடிவந்து சோறு ஊட்டியவள் நான். என்னால் இப்போது அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. ஆனால் தாயத்தை ஏன் தரவில்லை என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. செத்தவன் உடம்பில் கிடந்த தாயத்து மண்ணுக்குள்ளும் போகக் கூடாது, வீட்டுக்குள்ளும் வரக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதைப் பிள்ளைக்குக் கட்டினால் போனவன் பிள்ளையைத் தேடி வருவான் என்பது எங்கள் பக்கத்துப் பயம். குளிப்பாட்டும்போது சின்னராசா மாமா அறுத்து என் கையில் கொடுத்ததை மூன்று நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். லோஜினிக்காகத்தான் உனக்குத் தரவில்லை.

வெடிப்புக்குச் சாக்கு அடைத்திருக்கிறோம். மழை இன்னும் தொடங்கவில்லை.

சரோஜாதேவி


கொடிகாமம்.
27.4.2025

மச்சாள்,

பிள்ளைக்காகத் தரவில்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படிப் பயம் இல்லை. எனக்கு அவருடையதாக ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் ஆணையிட்டுச் சொன்னதை நம்ப முயற்சி செய்கிறேன். ஆனால் அவரும் என்னிடம் பொய் சொல்கிறவர் இல்லை. குழுவில் அவர் பெயரைச் சொல்லி, இறந்தவருடைய வாலட்டைத் திறக்க வழி உண்டா என்று கேட்டேன். பத்து நிமிடத்துக்குள் எட்டுப் பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். குழுவில் மரியாதையாக இருக்கிற சிவபாதம் என்பவரின் படத்தைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து பன்னிரண்டு சொல்லையும் அடித்தால் சரிபார்த்துத் தருவதாகச் சொன்னார். என்னிடம் ஆறுதான் இருக்கிறது என்றதும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். பிறகு உண்மையான சிவபாதம், வவுனியாவில் கணினி திருத்துகிறவர், குழுவிலேயே எழுதினார். "தங்கச்சி, இதில தனியா வந்து உதவி செய்யிறன் எண்டு சொல்லுறவன் எல்லாம் கள்ளன். எனக்கும் சொல்லாதேங்கோ." உங்களிடமும் அப்படி யாராவது வந்தால் வாய் திறக்க வேண்டாம்.

சிவபாதம் இன்னொன்றும் சொன்னார். வாலட்டின் விலாசம் தெரிந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாமாம். உங்கள் தம்பி எழுதி வைத்த கொப்பியில் விலாசம் இருந்தது. பள்ளிக்கூட இடைவேளையில் போட்டுப் பார்த்தேன். உங்கள் காசு அப்படியே இருக்கிறது, மச்சாள். போட்டதற்கு மூன்றரைப் பங்காக இருக்கிறது. பார்க்க முடிகிறது, எடுக்க முடியவில்லை.

நான் ஒரு படி இறங்கி வருகிறேன். சொற்களைச் சொல்ல மாட்டேன், அவை எங்கே இருக்கின்றன என்று சொல்கிறேன். அதைக் கேட்டாவது உங்களுக்கு ஏதாவது நினைவு வருகிறதா பாருங்கள். என் பாதி லோஜினியின் இடுப்பில் இருக்கிறது. கடதாசியில் எழுதி, சுருட்டி, செம்புத் தாயத்துக்குள் வைத்து, இரண்டு வாயையும் கடையில் போன் ஒட்டுகிற ஈயத்தால் அடைத்து, அவரே கட்டிவிட்டார். உலோகத்தில் வை என்று குழு சொன்னதற்கு அவர் கண்ட வழி அது. தோட்டத்துப் பிள்ளையின் இடுப்பில் தாயத்து இருந்தால் அதற்குள் என்ன என்று எவனும் கேட்க மாட்டான் என்றார்.

தீபாவளிக்கு வந்தபோது உங்களிடம் என்ன சொன்னார்? வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதுங்கள்.

கேதீஸ்வரி


கீழ்ப்பிரிவு லயம்,
லிந்துலை.
14.5.2025

கேதீஸ்,

உன் கடிதம் வந்து நாலு நாள். இதற்கு முன்னால் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்தத் தாயத்திலும் ஈயம் இருந்தது. இரண்டு வாயிலும். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மூன்று நாளும் விரலில் தட்டிக்கொண்டே இருந்தது. கோயிலில் வாங்குகிற தாயத்துக்கு அரக்குத்தானே வைப்பார்கள், இவன் ஏன் ஈயம் வைத்தான் என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்துவிட்டு, போன் கடைக்காரன் வேறு என்ன வைப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு என்ன சொன்னான் என்று கேட்டாய். அடுப்பங்கரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். சட்டையைத் தூக்கி இடுப்பைத் தட்டிக் காட்டினான். "அக்கா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இங்க கெடக்குறது..." என்று தொடங்கினான். நல்ல நாளில் சாவுப் பேச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயக் கழுவுடா மொதல்ல" என்று தோசைக் கரண்டியால் அவன் கையில் ஒன்று போட்டேன். சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இல்லக்கா, நீதான் அத..." என்றான். காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனேன். அவன் உன்னிடம் பொய் சொல்லவில்லை. என்னிடம் சொல்லத்தான் வந்தான். அவன் போனால் தாயத்து என் கைக்குத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்தது. மூன்று நாள் இருந்தது. நீ கேட்டாய், உனக்கும் கொடுக்காமல், நானும் வைத்துக்கொள்ளாமல், என் கையாலேயே தண்ணீரில் விட்டேன். உன் முன்னால்தானே விட்டேன்.

ஓடையில் இறங்கித் தேடினேன். மோதிரம் விழுந்துவிட்டது என்று சொல்லி லயத்துப் பெண்கள் ஐந்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அரிசி சலிக்கிற சல்லடையால் மணலை அள்ளி அள்ளிப் பார்த்தோம். நாலு மாசம் ஓடிய தண்ணீர். அந்த ஓடை கீழே ஆற்றில் விழுந்து தலவாக்கலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. அவன் போன் கிடக்கிற அதே தண்ணீர்.

எதற்கும் உன் குழுவில் கேட்டுப் பார். ஆறு சொல்லை வைத்து மற்ற ஆறையும் கண்டுபிடிக்கிறவர்கள் இருப்பார்கள். பன்னிரண்டில் பாதி இருக்கிறதே.

ஓடைக்கரையில் நான் சொன்னதை இப்போது திருப்பி எடுக்கிறேன். எடுத்து என்ன பிரயோசனம் என்று எனக்கும் தெரிகிறது.

சரோஜாதேவி


கொடிகாமம்.
2.6.2025

மச்சாள்,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் பிரித்தேன். அடுத்த பாடம் எடுக்க முடியவில்லை. தலையிடி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. தாயத்தைத் தாருங்கள் என்று கையேந்தி நின்றேனே. என் கையில் தந்திருந்தால், கோயில் தாயத்து என்று நினைத்து நானும் அதைத் திறந்திருக்க மாட்டேன், ஆனால் அது இன்றைக்கு இருந்திருக்கும். உங்கள் சுவரும் வெடிப்பும் என்று நான் படித்தபோதெல்லாம், வேண்டுமென்றே ஒளிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இப்போது உறுத்துகிறது.

குழுவில் கேட்டேன். சிவபாதம் பதில் எழுதினார். இரண்டாயிரத்துச் சொச்சம் சொல் இருக்கிற பட்டியலில் இருந்து ஆறு சொல்லை, அதே வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டுமாம். ஒரு சொல் தெரியாவிட்டால் கண்டுபிடிக்கலாம். இரண்டு என்றாலும் முயற்சி செய்யலாம். "ஆறு தெரியாட்டில், தங்கச்சி, ஒண்டும் தெரியாத மாதிரித்தான். மனசை விட்டிடுங்கோ" என்று எழுதினார். வேறு எவரும் எதிர்த்து எழுதவில்லை. எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கிற குழு அது.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் தம்பி என்னிடம், டீச்சர்தானே, பன்னிரண்டையும் பாடமாக்கி வைத்துக்கொள் என்று கேட்டார். இது சூதாட்டம், என்னை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று சொன்னேன். பன்னிரண்டு சொல்லும் எழுதிய கடதாசி ஒரு பின்னேரம் முழுக்க மேசையில் கிடந்தது. அதன்மேல் லோஜினியின் பால் கோப்பையை நான்தான் வைத்தேன். ஒரு சொல்லாவது கண்ணில் பட்டிருக்கும். இப்போது எவ்வளவு யோசித்தாலும், கோப்பை வைத்த வட்டமான ஈரம்தான் ஞாபகம் வருகிறது.

அவர் குழுவில் எழுதியவற்றையெல்லாம் பின்னோக்கிப் படித்தேன். யாரிடமும் சொல்லாதே என்பதை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒருவர் போன வருசம், நாங்கள் செத்தால் வீட்டாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே உங்கள் தம்பி, "நான் ஏற்பாடு செய்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள்" என்று பதில் எழுதியிருந்தார்.

கேதீஸ்வரி


கீழ்ப்பிரிவு லயம்,
லிந்துலை.
25.6.2025

கேதீஸ்,

காணிக்காரரிடம் போய் இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனி முடியப் பொறுத்திருப்பார், நான்தான் நாளைக் கடத்துவது வீண் என்று நினைத்தேன். வலப்பனைப் பக்கத்து ஆள் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார். காணிக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

மழை எட்டு நாளாக விடவில்லை. அடைத்த சாக்கை வெடிப்பு உள்ளே இழுத்துக்கொண்டது. கையை விட்டால் தட்டுப்படவில்லை. பின்னால் மழைத்தண்ணி வடிகிற கானில் கலங்கல் தண்ணீர் வருகிறது. அதிகாரிகள் இந்தத் தடவை சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். தோட்டத்து ஆபீசிலும் கேட்டேன். வேறு லயத்தில் காலிக் காம்பரா இல்லையாம், பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது. இருநூற்றுப் பத்துப் படி ஏற வேண்டும். இளவட்டமெல்லாம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கிற ஆம்பிளை சின்னராசா மாமா, அவருக்கு அறுபத்தேழு. போன கிழமை நானும் அவரும் உன் கணேசமூர்த்தி அண்ணனைக் கம்பளியில் தூக்கிப் பார்த்தோம். முப்பது படியில் இறக்கி வைத்துவிட்டோம். மழையில் நனைந்துகொண்டு படியில் கிடந்தவர், "என்னைய வுட்டுட்டு நீ ஓடிறணும் சரோஜா, சொல்லிப்புட்டேன்" என்றார். அவர் வாயையும் கழுவச் சொன்னேன். எனக்கு வேறு பேச்சு வராது போலிருக்கிறது.

ஹட்டனில் ஒருவன், தொலைந்த வாலட்டைத் திறந்து தருவதாகச் சொல்கிறான் என்று லயத்தில் யாரோ சொன்னார்கள். நீ சொன்னது ஞாபகம் வந்தது. வாய் திறக்கவில்லை. அந்தக் குழு சொன்ன புத்தியில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

காசு இன்னும் இருக்கிறதா என்று நீ பார்த்துக்கொண்டிருந்தால், இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். கூடியிருந்தாலும் எழுதாதே. ஒரே ஒரு தடவை லோஜினியின் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. முடிந்தால் செய்.

சரோஜாதேவி


கொடிகாமம்.
6.7.2025

அக்கா,

மச்சாள் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை. அவர் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டு ஐந்து நாளாகக் கோல் எடுக்கிறேன். தொடர்பு இல்லை என்றே வருகிறது. மழைக்குப் போன் கோபுரம் விழுந்ததோ, உங்கள் போனில் சார்ஜ் இல்லையோ, தெரியவில்லை. லோஜினியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். அத்தை எங்கே என்று கேட்டுக் களைத்துப்போனாள்.

இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அண்ணாவிடம் கேட்டேன். "எங்களுக்கே இடம் காணாமல் கிடக்கு, பாரிசவாதக்காரரை எங்க வைக்கிறது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம். நான் வாடகைக்கு ஒரு வீடு எடுக்கிற நிலையில் இல்லை. உங்களிடம் பொய்யாக நம்பிக்கை சொல்ல எனக்கு விருப்பமில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

இந்தக் கடித உறைக்குள் லோஜினியின் தாயத்து இருக்கிறது. நான் திறக்கவில்லை. அரைஞாணை அறுக்கும்போது, அப்பா கட்டினது என்று அழுதாள். அத்தைக்குக் கொடுக்கிறோம் என்றதும் சரி என்றாள். முதல் கடிதத்தில் நீங்கள் கேட்டது இது. அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். உங்கள் பாதி வந்தால்தான் தருவேன் என்று நாலு மாதம் பிடித்து வைத்திருந்தேன். இதனால் இனி ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இது உங்கள் காசுக்குரியது, உங்களிடம் இருப்பதுதான் நியாயம்.

கணேசமூர்த்தி வீடு என்று மறக்காமல் எழுதியிருக்கிறேன்.

கேதீஸ்


கீழ்ப்பிரிவு லயம்,
லிந்துலை.
19.7.2025

கேதீஸ்,

தாயத்து வந்து சேர்ந்தது. கோபுரம் சரிந்துதான் கிடக்கிறது, போன் வேலை செய்யவில்லை. கரண்டும் இல்லை.

நானும் திறக்கவில்லை. திறந்தாலும் எனக்கு அந்த ஆறு சொல்லையும் வாசிக்க வராது. ஈயத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நன்றாக வழித்து விட்டிருக்கிறான், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அப்படியானால் ஓடையில் போனதும் எங்கேயோ சேற்றுக்குள் நனையாமல்தான் கிடக்கும். அந்த நினைப்புத்தான் எனக்கு ஆறவில்லை.

உன் கணேசமூர்த்தி அண்ணன் இடுப்பில் அதைக் கட்டிவிட்டேன். என்னவென்று சொல்லவில்லை. வினோஜன் கொடுத்தது என்று மட்டும் சொன்னேன். விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "செத்தவன் எப்புடிக் குடுத்தான்" என்று கேட்டார். தபாலில் வந்தது என்றேன்.

மேல்பக்கம் மூன்று காம்பராவின் கூரை நேற்று இறங்கியது. ஆட்கள் முன்கூட்டியே போய்விட்டார்கள், உயிருக்குச் சேதமில்லை. லயத்தில் இப்போது நாங்கள் இரண்டு பேரும்தான். சின்னராசா மாமா காலையும் மாலையும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் படியேறிப் போகிறார். இன்று காலை அவரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னேன். "மாமா, எங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா, இவரு இடுப்புல ஒரு தாயத்து கெடக்கு. ஓடையில விடக் கூடாது. கொடிகாமத்துக்கு, லோஜினிக்கு அனுப்பணும்." வாயைக் கழுவு சரோஜா என்று அவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை. உன் விலாசத்தை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து, திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னார்.

அவர் கையிலேயே இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். லிந்துலை ரோட்டில் மண் விழுந்திருக்கிறது, தபால் எப்போது போகும் என்று தெரியாது.

சரோஜா அக்கா